கிணற்றடிக் கமராவும் எங்கள் வீட்டு ரவுட்டரும்

எங்கள் வீட்டில் நான் தொடக் கூடாத பொருள் ஒன்று இருந்தது. அது ரவுட்டர். கனடாவில் இருக்கும் என் அண்ணன் அதைத் தன் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து, சந்நிதி கோயிலில் கொடியேறுவதற்கு முதல் நாள் எங்கள் விறாந்தைச் சுவரில் பூட்டினார். இணைப்புத் தந்த கொம்பனியின் பெட்டி ஏற்கெனவே அங்கே இருந்தது. அதற்கு வலுப் போதாதாம். மூன்று கமராக்களைத் தாங்க வேண்டுமே! படலைக்கு ஒன்று, முன்வாசலுக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று.

கமராவுக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டரை ஆடி மாதத்தில் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அண்ணன் கேட்டவுடன் பதறிவிட்டார். நெல்லியடியிலிருந்து ஆள் பிடித்துக் கமராக்களைப் பூட்டுவித்தார். ரவுட்டருக்குக் கடவுச்சொல்லையும் தானே போட்டார். கனடா திரும்பும்போது எனக்குச் சொன்னார்:

"தம்பி, நீ உதை நோண்டாதை. இழுபட்டால் ஓவ் பண்ணி ஓன் பண்ணு. காணும்."

கரவெட்டியில் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து வந்து போன அரசாங்கச் சுற்றறிக்கைகளையெல்லாம் திகதி வாரியாகச் சொல்லக்கூடியவன் நான். அச்சில் எதைக் கண்டாலும் வாசிப்பவன். ரவுட்டரோடு வந்த கைநூலை அண்ணன் பிரித்தும் பார்க்கவில்லை. நான் அட்டை முதல் அட்டை வரை வாசித்தேன். ஆனாலும் எனக்குத் தரப்பட்ட உத்தியோகம் மின் ஆளியை அமத்துவது மட்டுந்தான்.

அந்த உத்தியோகத்தைச் செவ்வனே பார்த்தேன். மின்சாரம் போய் வந்தால் பச்சை விளக்கு வருகிறதா என்று பார்ப்பேன். தூசி தட்டுவேன். மனைவி அதன் மேல் போட்டிருந்த பின்னல் துணியை, சூடேறும் என்று சொல்லி எடுத்துவிட்டேன். இடி முழங்கினால் இந்த ஊரில் எல்லாரும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். நானும் கழற்றுவேன். உடனே கனடாவிலிருந்து அழைப்பு வரும். "என்ன தம்பி, வீடு இருண்டு போச்சு?" எங்கள் வீட்டில் மழை பெய்வதை எங்களுக்கு முன் அவர்கள் அறிந்தார்கள்.

புரட்டாதி இரண்டாம் சனிக்கிழமை அண்ணி என் மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தார். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"பிள்ளை, நேற்றுக் கிணத்தடியிலை குறுக்குக்கட்டுக் கட்டியிருந்த பச்சைக்கட்டச் சீலை புதுசோ? உமக்கு வடிவாய் இருந்தது."

என் மனைவி தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

நான் எடுத்து அண்ணனைக் கேட்டேன். அவர் சிரித்தார். இங்கே காலை என்றால் அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். சாப்பிட்டபடி வரவேற்பறைப் பெரிய ரீவியில் எங்கள் கிணற்றடியைப் போட்டு வைத்திருப்பார்களாம். "வாழையும் தொட்டியும் தெரியேக்கை ஊருக்கு வந்தமாதிரி இருக்கு. நாங்கள் என்ன பிறத்தி ஆக்களே?"

"அண்ணை, அது பொம்பிளையள் குளிக்கிற இடம். கமராவை அங்காலை திருப்பி விடுங்கோ."

"அதுதானே உள்ளுக்கை பாத்ரூம் கட்டி வைச்சிருக்கிறியள். அதுக்கை குளிக்கச் சொல்லன்."

இந்தக் காணி என் மனைவியின் சீதனம். உறுதியில் வீடும் கிணறும் அவள் பெயரில் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து அவள் அந்தக் கிணற்றில் அள்ளிக் குளித்தவள். மோட்டரைக் காக்கப் போட்ட கண், மோட்டரை ஒருநாளும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தது. அதைத் திருப்பச் சொன்னால், அவளை உள்ளே போகச் சொல்கிறார்கள்!

அவள் உள்ளேதான் போனாள். புழுக்கம் தாங்காத நாட்கள். "அலுமாரிக்கை நிண்டு குளிக்கிற மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஏணி வைத்து ஏறிக் கமராவை வாழைப் பக்கம் திருப்பினேன். இறங்கி முடியவில்லை, அது தானாகக் கழுத்தைத் திருப்பிப் பழையபடி கிணற்றைப் பார்த்தது. அண்ணன் அங்கிருந்து திருப்புகிறார். கடைப் பையொன்றால் மூடிக் கட்டினேன். மறுநாள் நெல்லியடி ஆள் வந்து, "ஐயா, பை பறந்துவந்து மாட்டுப்பட்டிட்டுதாம்" என்று அவிழ்த்துவிட்டுப் போனார். வயரை வெட்டலாம் என்றால் மூன்று கமராவுக்கும் மின்சாரம் போவது ஒரே வயரில். படலையை இருட்டாக்க எனக்கு விருப்பமில்லை.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்கள், அரிவாள், தையல் மெசின் எல்லாவற்றையும் படத்துக்கு முன் வைத்தோம். ரவுட்டரை மட்டும் கழற்ற முடியவில்லை. கழற்றினால் அழைப்பு வரும். மனைவி அது இருந்த இடத்துக்கே போய்ச் சந்தனப் பொட்டு வைத்தாள். சரஸ்வதியே காத்திருப்பாள், கனடா காத்திராது என்று நினைத்தபோதுதான் எனக்கு முழுக் கோபமும் வந்தது.

மறுநாள் விஜயதசமி. ஏடு தொடக்கும் நாள். கைநூலை மடியில் விரித்தேன். பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் துவாரம் ஒன்று உண்டு. மனைவி தன் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தாள். விளக்குகள் எல்லாம் அணையும்வரை அமத்திப் பிடித்தேன். அண்ணனின் பூட்டு அழிந்தது. ரவுட்டர் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போல ஆகிவிட்டது.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே போனேன். வைஃபைக்கு, எங்கள் தொலைபேசியில் போட்டிருந்த பழைய பெயரையும் பழைய சொல்லையுமே கொடுத்தேன். கமராக்கள் மூன்றும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. ரவுட்டரை ஆளும் கடவுச்சொல்லை மட்டும் புதிதாக வைத்தேன். இணைந்திருப்பவற்றின் நிரலில் கிணற்றடிக் கமராவைத் தேடி, அதற்கு மட்டும் தடை போட்டேன். மோட்டருக்கு இரும்புக் கூடு ஒன்று ஒட்டுவேலைக் கடையில் சொல்லி முன்னரே செய்வித்துப் பூட்டியிருந்தேன்.

அழைப்பு வந்தது.

"தம்பி, கிணத்தடி கறுப்பாய்க் கிடக்கு. ரவுட்டரை ஒருக்கா ஓவ் பண்ணி ஓன் பண்ணு."

"ரவுட்டர் நல்லாய் இருக்கண்ணை. நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன்."

"ஆர் நோண்டச் சொன்னது? புது பாஸ்வேர்ட்டை அனுப்பு."

"இல்லையண்ணை. படலையைப் பாருங்கோ, முன்வாசலைப் பாருங்கோ. கிணத்தடி இல்லை."

வீட்டுக்குப் பின்னால் வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் சீமெந்துத் தரையில் சளாரென்று கொட்டியது.

"உதென்ன சத்தம்?" என்றார்.

"வீட்டுக்காரி குளிக்கிறா" என்றேன்.