வெளியே தொங்கிய பூட்டு

2005 கோடையில் நடந்தது இது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சேரப்பணஞ்சேரியில் காட்டை ஒட்டி ஒரு அறை எடுத்து, தென்காசிப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் தங்கியிருந்தோம். அந்த வருஷ வெயிலுக்கு அறை வெந்துபோகிறது என்று வீட்டுக்காரர் ஷீட் கூரைமேல் தென்னங்கீற்று பரப்பிவிட்டிருந்தார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவளை உள்ளே விட்டு, ஜெனரல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வெளியே பூட்டிவிடுவார்கள். தனியாகத் தூங்குகிற பெண்ணை யாரும் தொந்தரவு செய்யக் கூடாதே! பெரிய புத்திசாலிகள் என்ற நினைப்பு வேறு.

அன்று நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்கியது நான். மதியம் இடிச் சத்தத்தில் விழித்தேன். சொட்டு மழை இல்லை. திரும்பவும் கண் அசந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் புகை நெடி. ஜன்னல் கம்பி வலை வழியாகப் பார்த்தால், காட்டோரத்துப் பனைமரம் மின்னல் விழுந்து எரிகிறது. கீழே காய்ந்த புல்லில் பிடித்த தீ, காற்றோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஊரே வேப்பங்கொத்தோடு அங்கே தீயை அடித்துக்கொண்டிருந்தது.

"யக்கா! உள்ள ஆளிருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கதவை உதைத்தேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? தலைக்கு மேலே கீற்று சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், செத்தேன் என்று அம்மாவை நினைத்து அழுதேன்.

திடீரென்று கதவில் டமார் டமாரென்று அடி. பூட்டு தெறித்தது. கடப்பாரையோடு எதிர்வீட்டு அக்கா! என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினார். அதுவரை அவரோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை.

"பூட்டு தொங்குது, வூடு காலின்னு அல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க. காலைல பஸ்ஸ வுட்டு எறங்கி வந்தியே, அப்பால வெளியவே வர்லியேன்னு எனக்குப் பகீர்னுச்சு. எவடி பூட்டினவ? வரட்டும், அவளுக்கு இருக்குது!" என்று திட்டித் தீர்த்தவர், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். கூரை போய்விட்டது. அன்று மூன்று பேருக்கும் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்ததும் அவர்தான்.

பூமி சூடாகச் சூடாக, மின்னலால் காடு பற்றிக்கொள்வதும் அதிகமாகும் என்று இப்போது செய்தியில் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அந்தப் பூட்டுதான் நினைவுக்கு வருகிறது. பெயர்கூடத் தெரியாத ஒருத்தி வீடு திரும்பியதை ஒரு மனுஷி கவனித்து வைத்திருந்ததால்தான், இன்று என் பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறாள்.