அப்புத்தளை மேட்டில் வெங்காய சூப்பும் பாதித் தட்டுகளும்

2008 ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் பிரான்ஸுக்குப் போய்வந்தோம். பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. பதுளையில் ஏறி அப்புத்தளையில் இறங்கினால் சரி. மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு நாற்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

முதலில் பயணத்தின் காரணம். என் அம்மாவின் தம்பி ராஜு மாமா கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் எட்டு வருடம் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சமையல் பழகியவர். பண்டாரவளையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜவாஹிர் முதலாளி, அப்புத்தளைப் பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரத் துரை பங்களாவை எடுத்து, ‘ஞாயிறு தோறும் பிரெஞ்சு மதிய உணவு’ என்று போர்டு மாட்டி, மாமாவை அழைத்து வந்தார். பங்களாவில் சமைப்பவரை எங்கள் பக்கம் ‘கோக்கி’ என்பார்கள். மாமாவை ‘செஃப்’ என்று கூப்பிட்டால் கூடுதலாக ஒரு புடிங் கிடைக்கும். நான் செஃப் என்றுதான் கூப்பிடுவது.

இப்படி இருக்கையில் அம்மாவுக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது. “அக்கா, வர்ற ஞாயித்துக்கிழமைதான் கடைசி. ஆளுங்க பாதி சாப்பாட்ட அப்படியே திருப்பி அனுப்புறாங்க. இந்த வாரமும் அப்படின்னா முதலாளி பிரியாணி போடப் போறாரு. பிரியாணிக்கு வேற ஆளு இருக்கு. நான் திரும்ப கொழும்புக்குத்தான்.”

எட்டு வருடம் தம்பியைத் தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் பார்த்த அம்மா, போனை வைத்த கையோடு பயண ஏற்பாட்டில் இறங்கிவிட்டார். ஏற்பாடு என்றால், கட்டுச்சோறு. தேங்காய்ச் சம்பலும் கருவாடும் வைத்து, வாழையிலையில் சுற்றி, மேலே நியூஸ்பேப்பர் சுற்றிய பொட்டலம்.

“சாப்பாட்டுக் கடைக்குப் போறதுக்கு எதுக்கும்மா சாப்பாடு?”

“பிரெஞ்சுக்காரன நம்பி வெறும் வயிறோட போவ முடியுமா? சும்மா இருடி.”

அம்மா, நான், பெரியப்பா மூவரும் காலை எட்டரை ரயிலில் ஏறினோம். பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. அவர் ரகசியம் பேசினால் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்குக் கேட்கும். போகும்போது இடப்பக்க ஜன்னலா வலப்பக்க ஜன்னலா என்று கேட்காதீர்கள், தெமோதரையில் ரயில் தன் வாலைத் தானே தேடிச் சுற்றுகிற சுற்றில் இரண்டு பக்கமும் ஒரே பக்கம் ஆகிவிடும். எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை தாண்டி அப்புத்தளை வரும்போது பத்தரை. வெயிலும் மூடுபனியும் ஒரே பிளாட்பாரத்தில் நின்றன.

ஸ்டேஷனிலிருந்து பங்களா மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். போகிற வழியிலேயே சாரதியிடம் கடையைப் பற்றி அபிப்பிராயம் கேட்டேன்.

“அந்தக் கடையா பாப்பா? போன ஞாயிறு ரெண்டு குடும்பத்த ஏத்திட்டுப் போனேன். திரும்பி வர்றப்ப, ‘நேரா கொத்து ரொட்டிக் கடைக்கு விடுங்க’ன்னாங்க. என் ஆட்டோவுக்கு ரெட்டை ஓட்டம். எனக்கு ரொம்ப நல்ல கடை அது!”

அம்மா பொட்டலத்தை மடியில் இறுக்கிக்கொண்டார்.

பங்களா ஹாலில் ஏழு மேசை. வெள்ளை விரிப்பு, கண்ணாடிச் சாடியில் டேலியாப் பூ. ஆளுக்கு நானூற்றைம்பது ரூபாய்க்கு நாலு கோர்ஸ் சாப்பாடு. (டியூஷனில் ஒரு கோர்ஸைக்கூட நான் முழுதாக முடித்ததில்லை என்பதால் கொஞ்சம் பயந்துதான் உட்கார்ந்தேன்.) தட்டுக்குப் பக்கத்தில் கூம்பாக மடித்து வைத்திருந்த துணியைப் பார்த்துப் பெரியப்பா, “இது என்னா?” என்றார். “பிரான்ஸ்ல தலையில வச்சிக்குவாங்க பெரியப்பா, பனிக்கு” என்றேன். அவரும் வைத்துக்கொண்டார். அடுத்த மேசையில் ஹல்துமுல்லையிலிருந்து வந்திருந்த குடும்பம் எங்களைப் பார்த்தது, அவர்களும் வைத்துக்கொண்டார்கள். அம்மா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளியது இந்தப் பயணத்தின் ஒரே வீரத் தழும்பு.

முதலில் வெங்காய சூப். மேலே சீஸ் உருகிய பாண் துண்டு, அதாவது பிரெட் துண்டு, மிதந்தது. வெங்காயத்தை மணிக்கணக்காக வதக்கினால் இப்படி இனிக்கும் என்று எனக்குத் தெரியாது. கிண்ணத்தில் பாதி இறங்கியபோது வெயிட்டர் பிரியந்த வந்து, மாமா பழக்கிய மெல்லிய குரலில், “போதுங்களா?” என்றார்.

“ஆமாங்க, போதும் போதும்” என்றார் பெரியப்பா. அம்மாவும் அதையே சொன்னார். பிரியந்த குனிந்து வணங்கிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரியப்பாவின் கரண்டி நடுவானில் நின்றது.

அடுத்து வெலிமடை உருளைக்கிழங்கை மெல்லிசாக அரிந்து, பாலும் சீஸும் விட்டு ஓவனில் வேகவைத்த கிராட்டின். அதுவும் பாதியில் “போதுங்களா?”, “போதுங்க”, போயே போனது. சுற்றிலும் பார்த்தேன். ஏழு மேசையிலும் இதே கதை. கைகள் ‘வேண்டாம்’ என்று அசைந்தன. கண்கள் தட்டின் பின்னாலேயே சமையலறை வரை போயின.

வலைப்பதிவுக்காக என்று சொல்லி மேசை மேசையாக அபிப்பிராயம் கேட்டேன். முதலில் எல்லோரும் மரியாதையாக “நல்லா இருக்கு” என்றார்கள். கொஞ்சம் நோண்டியதும் உண்மை வந்தது. ஹல்துமுல்லை அக்கா, “ருசி இருக்குதான். ஆனா வாயில வைக்க முந்தி புடுங்கிட்டுப் போறாங்களே! பிச்ச போடுற மாதிரி இருக்கு” என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த டொக்டர், “உறைப்புக் காணாது, மற்றும்படி திறம்” என்றார். காரம்தான் போதாதாம். அவர் மனைவி குரலைத் தாழ்த்தி, “பிள்ளை, அந்தக் கிழங்கில இன்னும் ஒரு கரண்டி வச்சிருந்தா நான் வேண்டாமெண்டு சொல்லியிருக்க மாட்டன். ஆனா அந்தப் பெடியன் ஒருக்காக்கூட வற்புறுத்தேல்லையே” என்றார்.

எங்கள் மேசையிலும் பெரியப்பா பொருமிக்கொண்டிருந்தார். “நான் போதும்னு சொன்னா, உடனே எடுத்திடுறதா? ‘இன்னுங் கொஞ்சம் சாப்பிடுங்க’ன்னு ஒரு வார்த்த? எந்த வீட்டுல மொத தடவையே சரின்னு தட்ட நீட்டுவோம்? அலைஞ்சவன்னு நினைக்க மாட்டாங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. (டொக்டருக்கு உறைக்காதது எனக்கு உறைத்தது.) சமையலறைக்கு ஓடினேன். மேடை முழுக்கப் பாதித் தட்டுகள். பக்கத்தில் ஜவாஹிர் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

“பாத்தீங்களா மாஸ்டர்? ஒங்கட கையில பிழை இல்ல. எங்கட ஆக்களுக்கு இந்தச் சாமான் புடிக்கல்ல. அடுத்த கிழமை பிரியாணிதான்.”

மாமா கோழிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். பிரான்ஸில் வைன் ஊற்றிச் செய்வதை, முதலாளிக்காகத் திராட்சைச் சாறும் வினாகிரியும் விட்டுச் செய்திருந்தார். மணம் ஸ்டேஷன் வரை போயிருக்கும்.

“செஃப், எல்லாருக்கும் பசி. யாரும் வற்புறுத்தாம எப்படி சாப்பிடுவாங்க? நீங்களே சட்டியோட வெளிய வாங்க. கல்யாண வீட்டுல பரிமாறுற மாதிரி பரிமாறுங்க.”

“அடியே வாயாடி, எட்டு வருஷம் எனக்கு என்னா சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா? ஒரு தடவ கேளு, மெதுவா கேளு, வேணான்னா எடுத்திடு. சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுறது அவங்களுக்கு அசிங்கம்.”

“அவங்களுக்கு அசிங்கம். இங்க கெஞ்சாட்டித்தான் அசிங்கம். போன தீபாவளிக்கு அம்மா உங்களுக்கு எத்தன தோசை வச்சாங்க? நீங்க எத்தன கேட்டீங்க?”

மாமா கிளறுவதை நிறுத்தினார். “நான் ஒண்ணுகூட கேக்கலயே” என்றார் மெதுவாக. பிறகு தலையிலிருந்த உயரத் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு நடந்தார்.

நேராகப் பெரியப்பாவிடம். இரண்டு துண்டு வைத்தார். பெரியப்பா வழக்கம்போலத் தட்டின் மேல் கையைக் குடையாகப் பிடித்து, “போதும் மச்சான், போதும்” என்றார்.

“என்னா மச்சான், எம் மேல கோவமா? இந்தச் சின்னத் துண்டு.”

“ஐயோ வேணாம்ப்பா.”

“அப்ப நான் சமைச்சது நல்லா இல்ல, அப்படித்தானே?”

கை விலகியது. துண்டு விழுந்தது, கூடவே இன்னொன்று. பெரியப்பா தலையிலிருந்த துணியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். அதன் பிறகு ஹால் பந்தியாகிவிட்டது. “அக்கா, எனக்காக ஒரு கரண்டி.” “டொக்டர் ஐயா, வெட்கப்படாதீங்க, பச்ச மிளகாயும் கொண்டு வாறேன்.” பிரியந்தவும் கற்றுக்கொண்டு, “கொஞ்சங்க, கொஞ்சங்க” என்று மேசை மேசையாக ஓடினார். சட்டி திரும்பியபோது பாணால் வழித்த மாதிரி இருந்தது. உண்மையில் பாணால் வழித்துத்தான் இருந்தார்கள்.

முதலாளி வாசலோரம் ஒரு மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவருக்குக் கெரமல் புடிங்கை வைத்தார். முதலாளி இரண்டு கரண்டி சாப்பிட்டு, பெரிய மனுஷத்தனமாக, “போதும் மாஸ்டர்” என்றார்.

மாமா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் குனிந்து வணங்கி, பிரெஞ்சு முறைப்படி தட்டைத் தூக்கினார்.

“ஓய் மாஸ்டர்! வைங்க, வைங்க!” முதலாளி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டார். ஏழு மேசையும் சிரித்தது. அவரும் சிரித்து, மிச்சத்தை வழித்துவிட்டு, “சரி, ஞாயித்துக்கிழமை ஒங்களுக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் பிரியாணி” என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் வெங்காய சூப் என்றார், சூப் போய் ஒரு மணி நேரமான பிறகு.

போக விரும்புகிறவர்களுக்கு: ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு முன்பே போய் மேசை பிடியுங்கள். ஸ்வெட்டரும் அடையாள அட்டையும் மறக்க வேண்டாம். பனியும் கேட்கும், வழியில் செக்பாயிண்டில் நிற்பவர்களும் கேட்பார்கள். உறைப்பு வேண்டியவர்கள் பச்சை மிளகாய் கேட்டால் கிடைக்கும். துணி மடியில் விரிப்பதற்கு. திரும்ப, பதுளைக்கு மாலை ரயில் உண்டு. தவறினால் பண்டாரவளை வரை பஸ், அங்கே மாறலாம்.

எங்களுக்கு ரயில் கிடைத்தது. எல்ல தாண்டியதும் பெரியப்பா வாய் திறந்து தூங்கிவிட்டார். அம்மா பையைத் துழாவிப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். நியூஸ்பேப்பர் மடிப்புக் கலையவில்லை, நூல்கூட அவிழவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, பக்கத்துச் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணிடம் நீட்டினார்.

“ஐயோ, வேணாங்கக்கா.”

“சும்மா சாப்பிடும்மா” என்றார் அம்மா.

“இல்லங்கக்கா, போதுங்க.”

அம்மா நகர்ந்து உட்கார்ந்து, இலையை அவரே பிரித்து, அந்தப் பெண்ணின் மடியில் வைத்தார்.