ஆண்டுக்கு ஒரு தடம்

ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசலில் கால் வைத்தால் மண் செருப்பில் ஒட்டும், செருப்பைக் கழற்றினால் உள்ளங்காலில் ஒட்டும், கொஞ்ச தூரம் போவதற்குள் ஒவ்வொரு காலும் அம்மிக்கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனத்துவிடும். அதைக் குச்சியால் வழித்து எறிந்துகொண்டே பள்ளிக்கூடம் வந்து சேரும் எங்களை டவுன் பிள்ளைகள் "களிமண்ணு" என்று கூப்பிடுவார்கள். சங்கரன்கோவிலில் இருந்து பனவடலிசத்திரம் போகும் ரோட்டுக்குக் கிழக்கே எங்கள் புஞ்சை. ரோட்டை ஒட்டி இருந்தது வேலுச்சாமி மாமாவின் புஞ்சை. அதற்குப் பின்னால் அடுத்தடுத்தும் பக்கத்துப் பக்கத்திலுமாகச் சொந்தக்காரர்களின் புஞ்சைகள் சில. எல்லாவற்றுக்கும் கடைசியில் எங்களுடையது. உளுந்தும் பருத்தியும் விளைகிற அந்த இடத்துக்கு வண்டி போக வேண்டும் என்றால் அவர்கள் மண்ணை மிதித்துத்தான் போக வேண்டும்.

அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கரிசலில் வண்டிச் சக்கரம் போன இடம் இறுகிப்போகும், அங்கே ஒன்றும் முளைக்காது. அந்த நட்டத்தை ஒரே ஆள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை என்பதால் ஆண்டுக்கு ஒரு தடம் போட்டார்கள். சித்திரையில் வருடத்தின் முதல் உழவைத் தொடங்கும் "நாளேர்" அன்று எல்லோரும் கூடி, இந்த வருடம் மாமா புஞ்சையில் எந்தப் பக்கமாக இறங்கி, பின்னால் யார் புஞ்சை ஓரமாக வண்டி போவது என்று பேசி முடிப்பார்கள். பழைய தடத்தை உழுது போட்டுவிடுவார்கள், அது மறுபடி விளைநிலமாகிவிடும். சண்டை வராமல் இருந்ததில்லை, ஆனால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். "போன வருசம் எம் மண்ணுல போனியல்லா, இந்த வருசம் உம்ம மண்ணுல போறோம் வே" என்பதற்கு மேல் அதில் வாதாட ஒன்றும் கிடையாது.

முடிவானதும் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் புதுத் தடத்தை மிதிக்க விடுவார்கள். முன்னால் மாடு போக, பின்னால் நாங்கள் வரிசையாகக் கைகோத்துக்கொண்டு குதித்துக் குதித்துப் போவோம். மாமா மடியில் இருந்து பொரிகடலையை அள்ளி அள்ளிக் கொடுப்பார். அவருடைய மகன் கணேசன் அத்தான்தான் எல்லோரையும்விட ஓங்கி மிதிப்பான். ஒரு பாதை உண்டாவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் நாங்கள் என்று நான் இப்போது பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு வண்டி குப்பை உரத்தைக்கூடப் புஞ்சைக்குக் கொண்டுபோக முடியாது.

நான் நாலாவதோ அஞ்சாவதோ படிக்கும்போது நிலம் அளக்க சர்வேயர் வந்தார். சங்கிலியை இழுத்து முடித்துவிட்டு, "இங்க பாதை ஏதும் இருக்கா?" என்று கேட்டார். தடம் எப்படி மாறினாலும் மாமாவின் புஞ்சையைத் தாண்டித்தான் வர வேண்டும். இருக்கிறது என்று சொன்னால் அவர் நிலத்தில் நிரந்தரமாகக் கோடு விழுந்துவிடும், காலத்துக்கும் அந்த மண் அவருக்கு இல்லை என்று ஆகிவிடும். அதனால் எங்கள் அப்பா முந்திக்கொண்டு சொன்னார்: "தடம்லாம் ஒண்ணும் கிடையாது சார். நாங்க போறது வாரது எங்களுக்குள்ள." மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். சர்வேயர் நல்ல மனிதர், "யோசிச்சுச் சொல்லுங்க" என்று இன்னொரு தடவை கேட்டார். "மாமன் மச்சானுக்குள்ள எழுத்து கேக்கது அசிங்கம்லா" என்றார் அப்பா. மாமா அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தங்களுக்குத் தாங்களே குழி வெட்டிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக நின்ற மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாமா செத்துப் போன பிறகு கணேசன் அத்தான் ரோட்டோர நிலத்தைப் பிளாட் போடுகிறவருக்கு விற்றான். அவனைத் திட்டித் தீர்த்துவிட்டேன், ஆனாலும் அவன் சொன்னதில் பொய் இல்லை: "என் நிலத்தை நான் விக்கேன், உங்க பாதையையா வித்தேன்?" வாங்கியவர் முதலில் செய்த வேலை, பின்பக்கம் நீளமாக ஒரு காம்பவுண்டு சுவர் எழுப்பியது. டிராக்டர் உள்ளே போக வழி இல்லை என்று ஆனதும் நடுவில் இருந்த புஞ்சைக்காரர்கள் ஒவ்வொருவராக, சொன்ன விலைக்கு அவரிடமே விற்றுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு நிலம் கைமாறும்போதும் அந்தச் சுவர் இன்னும் கொஞ்சம் கிழக்கே நகர்ந்தது. இப்போது அது எங்கள் வரப்பில் நிற்கிறது. மற்ற மூன்று பக்கமும் ஓடை. அதன் கரையைச் சுற்றிக்கொண்டு ஆள் மட்டும் நடந்து போகலாம்.

மனு மேல் மனு போட்டேன். ஒருநாள் அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்தார், அதுவே பெரிய விஷயம். "பாதை எங்க இருந்துச்சு, காட்டுங்க பெரியவரே" என்றார். அப்பா கையை நீட்டி ஒரு இடத்தைக் காட்டினார். பிறகு கொஞ்சம் வடக்கே காட்டினார். பிறகு தெற்கே. "ஒண்ணை மட்டும் காட்டுங்கப்பா" என்று நான் காதோரம் கெஞ்சினேன்.

"ஏட்டி, ஒண்ணைக் காட்டுனா பொய்யாயிரும்லா" என்றார் அப்பா.

அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் மேலாவது கோபப்பட்டிருப்பேன். "இப்படிச் சொன்னா நான் என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அவர் சொன்னது சரி என்பதால் அது அடங்கவும் அடங்காது.

பிளாட் விற்கிற ஆட்கள் எனக்கே போன் செய்கிறார்கள். "மேடம், பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்தே நிமிசம்." ராக்கெட்டில் போனால் பத்து நிமிடம்தான். வாங்கியவர்களில் எத்தனை பேர் வீடு கட்டினார்கள் என்று போய்ப் பாருங்கள்: ஆங்காங்கே ஒரு ஆழ்துளைக் குழாய், வெள்ளையடித்த கல், கல்லை மூடிக்கொண்டு சீமைக்கருவேலம். குடியிருக்க வீடு இல்லாதவன் வாங்கினால் நான் வாயைத் திறக்க மாட்டேன். இவர்கள் வாங்குவது இன்னொருவனுக்கு விற்க, அவன் வாங்குவதும் அப்படித்தான். உளுந்து விளைந்த மண் ஒருத்தருக்கும் உதவாமல் கை மாறிக்கொண்டே கிடக்கிறது. நாளேர் போயிற்று, மிதிக்கப் பிள்ளைகள் இல்லை, தை மாதம் ரோட்டில் இருந்து பார்த்தால் தெரிகிற பருத்தி வெடிப்பு இல்லை. இந்தப் புரட்டாசியில் எங்கள் புஞ்சையில் விதைப்பும் இல்லை, ஏனென்றால் உழவு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா புஞ்சையைப் பார்க்க வேண்டும் என்றார், ஓடைக்கரை வழியாகக் கூட்டிப்போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு புரோக்கர், காரில் வந்த ஒரு குடும்பத்துக்குக் கடைசிப் பிளாட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். "பின்னால பூராவும் காடு சார், காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்று அவர் காட்டியது எங்கள் புஞ்சையைத்தான். அப்பா சுவர் ஓரமாகப் போய், எக்கி நின்று, அந்தக் குடும்பத்துக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இந்த இடம் நீங்க வாங்கப் போறியளா? வீடு கட்டுத வரைக்கும் சும்மாதான கிடக்கும். இந்தச் சுவத்துல ஒரு வண்டி போற அளவுக்கு இடிச்சு விடுங்க. இந்த ஒரு வருசம் உங்க மண்ணுல போறோம். அடுத்த வருசம் பக்கத்துப் பிளாட்காரங்ககிட்ட கேட்டுக்கிடுதோம்."

அவர் மரியாதையான ஆள், முழுவதையும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு புரோக்கர் பக்கம் திரும்பி, "இந்தச் சுவரை இன்னும் கொஞ்சம் உசத்திக் குடுத்திருவீங்கள்லா?" என்று கேட்டார்.