அம்மா உப்புப் பார்க்காத சமையல்

எங்கள் வீட்டுக் குசினியில் மாட்டிறைச்சி வெந்தது ஒரேயொரு தடவைதான். வேகவைத்தவர் அம்மா. இதை எங்கே சொன்னாலும் சொந்தக்காரர்கள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். முட்டை போட்ட கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று தட்டைத் தள்ளிவைக்கிற மனுசி அவர். கோயிலே இல்லாத ஊரில் வெள்ளிக்கிழமை விரதத்தை விடாமல் பிடித்தவர். அவர் மாட்டிறைச்சி சமைத்தார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போகட்டும். நான் அங்கே நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடி ஓடித் தூது போனவள் நான்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஊரை விட்டு வந்து இரண்டு வருடம். சிட்னியில் மெரிலேண்ட்ஸ் பக்கம் ஃபைப்ரோ தகடு அடித்த ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, ஒன்பது வயதில் நான். அந்தத் தெருவில் தமிழ் கேட்கவேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டவேண்டும். அப்பாவுக்கு ஓர் இயந்திரப் பட்டறையில் வரைபடம் கீறுகிற வேலை. பக்கத்து வீட்டு அங்கிளுக்கும் அதே பட்டறையில்தான் வேலை. அவரிடம் கார் இருந்தது, எங்களிடம் இல்லை. காலையில் அவர் ஹோர்ன் அடித்ததும், அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா ஓடுவார். பின்னேரம் இருவரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். பெட்டி கழுவித் துடைத்ததுபோல வெறுமையாக வரும். அதில் அம்மாவுக்குச் சொல்லமுடியாத பெருமை.

அங்கிளும் அன்ரியும் வெள்ளைக்காரர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று அவர்களே சொல்லியும் அம்மா விடவில்லை. "பெரிய ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதோ? வாயில போடுவன்" என்றார். ஆனால் அம்மாவின் இங்கிலீஷ் வேலிக்கு மேலால் ஒரு குட் மோர்னிங் சொல்வதோடு சரி. அங்கிளோடு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த வீடு அம்மாவுக்கு எதிரி. மத்தியானம் ஆனதும் வேலி கடந்து இறைச்சி வாசம் வரும். "தொடங்கிட்டினம்" என்று அம்மா குசினி யன்னலை இழுத்துச் சாத்துவார். நான் வேலி இடுக்கால் பார்ப்பேன். அன்ரி இறைச்சியை மெல்லிசாகச் சீவி, சின்னச் சின்ன ரொட்டிப் பணிசுகளுக்குள் வைத்துச் சூடாக்கிக் கொண்டுவருவார். பக்கத்தில் ஒரு கோப்பையில் இறைச்சிச் சாறு ஆவி பறக்கும். அங்கிள் பணிசை அதற்குள் தோய்த்து, சேட்டில் சொட்டாமல் முன்னால் குனிந்து, மற்றக் கையை நாடிக்குக் கீழே ஏந்திக்கொண்டு கடிப்பார்.

அங்கிள் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் செத்துப்போனார். அப்பாவை இறக்கிவிட்டு, காரை உள்ளே விட்டு, ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அப்பாதான் வேலி பாய்ந்து ஓடினார். அம்புலன்ஸ் வந்தபோது அங்கிளின் தலை அப்பாவின் மடியில் இருந்தது. அப்பா அழவில்லை. வீட்டுக்கு வந்து பின்படியில் குந்தியவர் குந்தியவர்தான். இரண்டு நாளும் யாரோடும் பேசவில்லை.

அவர்களுடைய ஒரே மகன் பேர்த்தில் இருந்தார். ரயிலேறி வந்துசேரத் திங்கட்கிழமை ஆகும், செவ்வாய்க்கிழமை அடக்கம் என்றார்கள். சனிக்கிழமை காலையில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அன்ரி அடுப்பில் கேத்திலை வைத்துக்கொண்டிருந்தார். அம்மா நேரே போய்க் காஸை மூடினார், கேத்திலை இறக்கிக் கீழே வைத்தார். எனக்கு வெட்கத்தில் முகம் கொதித்தது. வெள்ளைக்காரி வீட்டில் போய் அடுப்பை அணைக்கிறதா!

"செத்தவீட்டில அடுப்பு மூட்டக்கூடாதெண்டு சொல்லு பிள்ளை. அடக்கம் முடியுமட்டும் சாப்பாடு அயல்தான் குடுக்கவேணுமெண்டு சொல்லு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அன்ரி கேத்திலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அதுவரை அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் அம்மா சோறும் பருப்பும் பூசணிக்காய்ப் பால்கறியும் கொண்டுபோனார். அன்ரி நன்றி சொல்லி வாங்கிவைத்தார். பின்னேரம் போய்ப் பார்த்தால் மூடியது மூடியபடி இருந்தது. இரவுக்கு இடியப்பம் போனது. அதுவும் அப்படியே. ஞாயிறு காலையில் அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. தான் பொறுப்பெடுத்த செத்தவீட்டில் ஒரு சீவன் பட்டினி கிடக்கிறதே, இந்தக் கோலத்தில் எப்படி அடக்கத்துக்குப் போய் நிற்கப்போகிறார் என்று என்னிடமே புலம்பினார்.

"என்ன வேணுமெண்டாலும் செய்து தாறன், எது சாப்பிடுவா எண்டு கேள்."

கேட்டேன். அன்ரி பிரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே தாளில் சுற்றிய ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு. வெள்ளிக்கிழமை காலை வாங்கியதாம், ஞாயிற்றுக்கிழமைக்காக. பக்கத்தில் சின்னப் பணிசுகளும் ஒரு பையில் இருந்தன. "இதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவர் இப்போது உள்ளே வருவார் என்றுதான் தோன்றுகிறது. இதை எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிடச் சொல் உன் அம்மாவிடம்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, அந்தத் தாள் பொட்டலத்தைக் குனிந்து பார்த்தார்.

"அந்தாளுக்கெண்டு வாங்கினது. குப்பையில போடுறதோ?" என்றார் கடைசியில். "எங்கட ஆக்களெண்டால் செத்தவருக்கு விருப்பமானதைச் சமைச்சுப் படைக்கமாட்டமோ? எப்பிடிச் செய்யிறதெண்டு கேள். நான் செய்யிறன்."

சிக்கல் என்னவென்றால், அன்ரியின் அடுப்பை மூட்டக்கூடாது என்று சட்டம் போட்டவரே அம்மாதான். ஆகவே இறைச்சி எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அம்மா முதலில் குசினி மூலையில் இருந்த சாமிப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். படுக்கையறைக்குக் கொண்டுபோய், அலுமாரிக்குள் தன் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் அடுக்கி, கதவைச் சாத்தினார். குத்துவிளக்கும் உள்ளே போனது. பிறகு காஸ் அடுப்புக்குக் கீழே இருந்த, இறைச்சி வாட்டுகிற போறணையைத் திறந்தார். வந்த நாள் முதல் அது எங்கள் வீட்டில் சட்டிபானை அடுக்குகிற இடம். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார். பின்படியில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்து, "உமக்கு ஏலுமோ?" என்று மட்டும் கேட்டார். அம்மா போறணைத் தட்டைக் கழுவத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு எனக்கு ஓட்டம்தான். எவ்வளவு சூடு, வெங்காயத்தைக் கீழே பரப்புவதா மேலே போடுவதா, எப்போது திருப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் வேலி இடுக்கால் புகுந்து ஓடினேன். அன்ரி மேசையில் இருந்தபடியே சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரலுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அம்மா அந்த இறைச்சியை நான்கைந்து தண்ணீரில் அலசி, மஞ்சளை அள்ளி அப்பியிருந்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பினார். வாய் முணுமுணுத்தபடியே இருந்தது. தேவாரமாகத்தான் இருக்கும்.

வெந்தது. ஆறவிட்டுச் சீவினார். பணிசுகளுக்குள் வைத்துச் சூடாக்கினார். வெந்த தட்டில் ஊறியிருந்த சாற்றை வெந்நீர் விட்டுக் கரைத்துக் கோப்பையில் ஊற்றினார். அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. உப்புப் பார்ப்பது யார்? சாமிக்குப் படைக்கிற பொங்கலுக்கு அம்மா உப்புப் பார்ப்பதில்லை, கை அளவே போதும். இது கைக்குத் தெரியாத சமையல். கரண்டியை என் பக்கம் நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார். "வேண்டாம், நீ வேண்டாம்" என்றார். கண் கலங்கிவிட்டது. இவ்வளவும் செய்து, இதையும் அந்த மனுசி தொடாமல் வைத்துவிட்டால்?

"இஞ்ச தாரும், நான் பாக்கிறன்."

அப்பா குசினி வாசலில் நின்றார்.

"நீங்களோ? சிவசிவா!"

அப்பா கரண்டியை வாங்கவில்லை. ஒரு பணிசை எடுத்தார். அதன் நுனியைக் கோப்பைக்குள் தோய்த்தார். சேட்டில் சொட்டாமல் முன்னால் குனிந்து, மற்றக் கையை நாடிக்குக் கீழே ஏந்திக்கொண்டு கடித்தார். ஆறுதலாக மென்று விழுங்கினார்.

"உப்புச் சரி. மிளகு காணாது. வெங்காயம் இன்னும் கறுக்கவேணும்" என்றார். பிறகு, "மஞ்சள் போட்டனீரோ?"

"மஞ்சள் போடாமல் இறைச்சியைத் தொடுறதோ?"

"அவர் வேலைக்குக் கொண்டாறதில மஞ்சள் இராது."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அப்பாவுக்கே விளங்கியிருக்கவேண்டும். பணிசைக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மா அவரையே பார்த்தார்.

"அப்ப நான் கட்டித் தந்த சோறு?"

"அவர்தான் சாப்பிடுறவர்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"முதல்ல திங்கட்கிழமையில மட்டும் மாத்தினாங்கள். பிறகு அவர் விடேல்லை. கையாலதான் குழைச்சுச் சாப்பிடுவார்."

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இப்போது வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு வருடம் மாட்டிறைச்சி! ஆனால் அம்மாவின் குரல் எழும்பவில்லை.

"என்ன சொல்லுவார்?" என்று கேட்டார்.

"என்னது?"

"என்ர கறியைச் சாப்பிட்டிட்டு என்ன சொல்லுவார்?"

"கத்தரிக்காய்ப் பால்கறி எண்டால் எனக்கு ஒரு வாய்கூட வைக்கமாட்டார்" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்தது எல்லாம் வந்தது. என் அப்பா அழுவதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அம்மா திரும்பி நின்று உரலில் மிளகு இடித்தார். ஒரு பிடி மிளகுக்கு அவ்வளவு நேரம் இடிக்கத் தேவையே இல்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து இடித்தார். மிளகு நெடி என்று நான் நினைத்தேன்.

தட்டை அம்மாவே தூக்கிக்கொண்டு போனார், சாற்றுக் கோப்பையை நான். அன்ரி பணிசைப் பார்த்தார். எடுத்துத் தோய்த்துக் கடித்தார். அன்ரி இரண்டாம் தடவையும் தோய்த்தார். மெல்ல மெல்ல முழுவதையும் சாப்பிட்டு, இன்னொன்றை எடுத்தார். அப்போதுதான் தன் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் மஞ்சள். துடைத்தும் போகவில்லை.

சட்டென்று எழுந்து உள்ளே போனார். அழுக்குக் கூடையிலிருந்து ஒரு லேஞ்சியை எடுத்துவந்து மேசையில் விரித்தார். அங்கிள் வெள்ளிக்கிழமை கைதுடைக்கக் கால்சட்டைப் பையில் வைத்திருந்த வெள்ளை லேஞ்சி. அதன் ஒரு மூலையில் அதே மஞ்சள், விரல் விரலாக. "இரண்டு வருடமாக இதைப் பட்டறைப் பெயின்ற் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இது என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. "எங்கட வீட்டுக் கறியெண்டு சொல்லு. ஒவ்வொரு நாளும் சாப்பிட்டவரெண்டு சொல்லு."

சொன்னேன். அன்ரி லேஞ்சியின் மஞ்சள் மூலையை விரலால் தடவினார். "அப்படியானால் நான் கட்டிக்கொடுத்ததெல்லாம்?" என்றார். நான் எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, "அப்பா" என்றேன். அன்ரி சிரித்தார். பெரிதாக வாய்விட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பே அழுகையாகப் போனது. அம்மா பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்து, அவர் தோளை அணைத்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. என்னை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. நான் வாசற்படியில் போய் இருந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்தது. அன்ரி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத்தான் நின்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தலை முழுகி, குசினியை மூலை முடுக்கெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார். போறணைக்குள் சட்டிபானை திரும்பப் போனது. ஆனால் சாமிப் படங்கள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா விளக்கேற்றவில்லை. அடுத்த வெள்ளியும் ஏற்றவில்லை. குசினி மூலை வெறுமையாகவே கிடந்தது. அப்பா சவரம் செய்யாமல், கறுத்த தாடியோடு பஸ் பிடித்து வேலைக்குப் போனார். அவர் சோற்றுப் பெட்டியில் பாதி அப்படியே திரும்பி வந்தது. அம்மா அதைக் கழுவிவைத்தார்.

"அம்மா, சாமியை எப்ப திருப்பி வைப்பீங்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இன்னும் நாளிருக்குப் பிள்ளை" என்றார்.

ஒரு மாதம் கழிந்து ஒரு காலையில் படங்கள் பழைய இடத்துக்கு வந்தன. அன்றைக்கு அம்மா கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, முதலில் ஓர் இலையில் போட்டு வேலியோரம் வைத்துவிட்டு வந்தார். அப்பா தாடியை எடுத்திருந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு, ஊரில் பெரியப்பா செத்துப்போன செய்தி வந்தது. அன்று அம்மா அதே அலுமாரியைத் திறந்து படங்களை உள்ளே வைத்தார். விளக்கையும் வைத்தார். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு, அதுவரைக்கும் விளக்கேற்றக்கூடாது என்றார். இரத்த உறவுக்குக் காக்கிறது, அயலுக்கு இல்லை என்று நான் கேட்காமலே விளக்கமும் சொன்னார். அப்பாவின் நாடியில் நரைத்த தாடி முளைத்தது. எனக்கு அந்த மெரிலேண்ட்ஸ் குசினியும் அதன் வெறும் மூலையும் நினைவுக்கு வந்தன. குட் மோர்னிங்குக்கு மேல் பேசியிராத ஒரு மனுசனுக்கு அம்மா அன்றைக்கு என்ன காத்தார் என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? இறைச்சி வாடை இன்னும் போகவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.