எட்டு மணிக்கு அடிக்காத அலாரம்

பாண்டிச்செல்வி வாய்க்கால் ஓரத்தில் விழுந்தபோது நான் பத்தடி தள்ளி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்த் தூக்கினேன் என்று சொல்ல ஆசைதான். தூக்கியது சூப்பர்வைசர் சேவியர். நான் பீடியும் கையுமாக நின்ற இடத்திலேயே நின்றேன்.

நாங்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் வாய்க்காலில் சேறு வாரும் தினக்கூலிகள். அவளுக்கு நாற்பத்தொன்று, எனக்கு ஐம்பத்தாறு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. பகல் பன்னிரண்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் மாத்திரை விழுங்கினால் ஒன்றும் வராது. ஆறு வருஷமாக வரவும் இல்லை. இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு எடுக்க முடியாது என்று சேவியர் சொல்லிவிட்டார். வேறு வேலை அவளுக்கு யார் வைத்திருக்கிறார்கள்?

முந்தின ராத்திரி மாத்திரை விட்டுப்போனதா என்று டாக்டர் கேட்டார். "அலாரம் அடிக்கல சாரே. அடிக்காத நாள்ல எனக்கே ஞாபகம் வரும், நேத்து வரல" என்றாள். போன் மேல் பழி போடாதே என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மாத்திரை நேரத்துக்கு அலாரம் அடிக்கிற அந்த ஆப்பை அவள் போனில் போட்டுக் கொடுத்தவன் நான். ரத்த அழுத்த மாத்திரைக்காக நானும் அதைத்தான், அதே இரண்டு நேரத்துக்கு, வைத்திருக்கிறேன். எங்கோ நாலு பேர் தங்கள் பிழைப்பு போக மிச்ச நேரத்தில் எழுதி, உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருக்கிற சமாச்சாரம். மலையாளத்திலும் வரும். நாங்கள் பேசுவது தமிழ், படித்தது மலையாளம்.

அதன் அடியில் குறை தெரிவிக்க ஒரு பட்டன் உண்டு. நான் ஒருநாளும் தொட்டதில்லை. அவள் அமுக்கி எழுதினாள்: அலாரம் அடிக்கவில்லை, நான் விழுந்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறோம், எந்த போன், எந்தப் பதிப்பு, அடிக்காத நாளில் போனை என்ன செய்தீர்கள், அடித்த நாளில் என்ன செய்தீர்கள்?

"நான் பொய் சொல்லுதேன்னு நெனைக்காவளா அண்ணே?"

"சாரமில்ல, விட்டுத்தள்ளு. வேற ஏதாவது ஆப் போட்டுக்கிடலாம்" என்றேன்.

அவள் விடவில்லை. காலண்டரின் பின்பக்கத்தில் பதினாறு நாள் எழுதினாள். போனை அணைத்த நேரம், திரும்பப் போட்ட நேரம், எட்டு மணிக்கு அடித்ததா இல்லையா. அடிக்காவிட்டால் மாத்திரை தவறக் கூடாது என்று, எட்டே காலுக்கு வந்து கேட்கும்படி பக்கத்து வீட்டு சுமாவிடம் சொல்லி வைத்திருந்தாள். நாள் முழுக்கச் சேறு வாரிவிட்டு வந்து இதையெல்லாம் செய்ய எங்கிருந்து தெம்பு வந்தது என்று எனக்குத் தெரியாது.

போன வருஷம் இரண்டு போன்கள் வாய்க்காலில் விழுந்ததிலிருந்து, வேலை முடியும்வரை எல்லாரும் போனை அணைத்து சேவியரின் டப்பாவில் போட வேண்டும். பன்னிரண்டு மணி அலாரம் கேட்காவிட்டாலும் பகல் மாத்திரையை அவள் சோற்றோடு விழுங்கிவிடுவாள். சில நாள் பதினொன்றரைக்கே வேலை முடியும். சில நாள் இரண்டு மணி ஆகும்.

பதினேழாம் நாள் சாயாக் கடையில் காலண்டரை விரித்தாள். "பன்னெண்டு மணிக்குப் போன் அணைஞ்சு கெடந்தா, அன்னைக்கு எட்டு மணிக்கும் அடிக்க மாட்டேங்கு. ஆன் பண்ணினதும் ஆப்பை ஒருக்காத் தெறந்து பாத்தா அடிக்கு."

"ஆமா, நானும் அதான் தெனம் தெறந்து பாத்துக்கிடுவேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"எப்ப தொட்டு?"

"ஒரு வருஷம் இருக்கும்."

அவள் சாயாவைக் கீழே வைத்தாள். "எனக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணே."

ஒன்று ஓடவில்லை என்றால் தட்டி ஓடவைத்துவிட்டுப் படுத்துவிடுகிற ஆள் நான். அப்படி எத்தனை ஊரில் எத்தனை பேர் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்களோ. ஆப்பை எழுதியவர்களுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் போனை யாரும் டப்பாவில் போடச் சொல்வதில்லை. வெட்கமாக இருந்தது.

காலண்டரைப் படம் எடுத்து அனுப்பினாள். அதற்குக் கீழே, என் போனிலும் இப்படித்தான், ஒரு வருஷமாக, என்று நானும் எழுதினேன். பத்து நாளில் திருத்திய பதிப்பைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். இருவர் போனும் பன்னிரண்டு மணிக்கு டப்பாவில் கிடந்தன. எட்டு மணிக்கு இரண்டும் அடித்தன. ஒரு வாரம் அப்படியே பார்த்துச் சொன்னோம். அதன்பிறகுதான் அந்தப் பதிப்பை எல்லாருக்கும் விட்டார்கள்.

மறுநாள் ஆள் குறைவு. எப்போதும் மேலே நின்று சேற்றுக் கூடை வாங்குகிற செல்வி, அன்று வாய்க்காலுக்குள் இறங்க ஏணியில் கால் வைத்தாள்.

"வேற என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்கிய அண்ணே?" என்றாள், கேலியாகத்தான்.

நான் ஏணியைப் பார்த்தேன். மூன்றாவது படி ஆடும். மழைக்காலம் தொட்டே அதைத் தாண்டித்தான் நான் கால் வைத்து இறங்குகிறேன்.

"செல்வி, எறங்காத" என்றேன். அவளைக் கைபிடித்து மேலே ஏற்றிவிட்டு, ஏணியைக் காட்டச் சேவியரைக் கூப்பிடப் போனேன்.