‘மற்றும் பலர்’ வழக்கில் செலின்

தக்கலை பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது செலினின் தம்பி ததேயுஸ் அழைத்தார். அவர் என்னை அழைக்கிற ஆள் இல்லை. எடுத்ததுமே, “பிடிச்சிட்டுப் போயிட்டாங்களா?” என்றுதான் கேட்டேன். “இல்லக்கா” என்றார். அடைத்திருந்த மூச்சை விட்டேன். அடுத்த வாக்கியம் அதற்குப் பிறகு வந்தது. “அக்கா போயிட்டா. மீன் வாங்க நின்ன இடத்துல சரிஞ்சு விழுந்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுது.”

எங்கள் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் படித்து இன்று மஸ்கட்டிலும் குவைத்திலும் லண்டனிலும் செவிலியர்களாக இருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவர் செலின் டீச்சர். எனக்கு வெறும் செலின். அதனால் ‘அவள்’ என்றே எழுத வருகிறது. அவள் இறந்த சேதிக்கு முன்பே அவளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா என்று எனக்கு ஏன் கேட்கத் தோன்றியது என்பதை, தூரத்தில் இருக்கும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேக்கரிக்கு மேலே, இரண்டாம் மாடியில் நம் வகுப்பு. இலக்கணமும் எழுத்தும் எனக்கு. பேச்சுத் தேர்வு அவளுக்கு. தேர்வில் ‘சோஷியல் இஷ்யூஸ்’ என்று ஒரு தலைப்பு கட்டாயம் வரும். போராட்டம் என்று கேட்டால் எல்லோரும் ‘ஸ்ட்ரைக்’ என்றே சொல்வீர்கள். செலினுக்கு அது பொறுக்காது. “வேலைய நிறுத்தினாத்தான் மக்கா ஸ்ட்ரைக். ரோட்டுல உக்காந்தா சிட்-இன். நடந்தா மார்ச். மெழுகுவர்த்தியப் பிடிச்சிட்டு சத்தம் போடாம நின்னா விஜில். வாசல்ல நின்னு உள்ள போறவன மறிச்சா பிக்கெட்.” சொல்லிவிட்டு ஒவ்வொன்றையும் செய்து காட்டச் சொல்வாள். ஒருநாள் நீங்கள் போட்ட கோஷத்தில் பேக்கரிக்காரர் மேலே ஓடிவந்து, “டீச்சர், எதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். அவர் இறங்கியதும் செலின் போய் ஜன்னலைச் சாத்தினாள். “தெருவுல யாராவது கேட்டிருப்பாங்களோ?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

அவ்வளவு பயந்தவள் அவள். காக்கிச் சட்டையைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவாள். வண்டி ஓட்டத் தெரியாதவளுக்கு போக்குவரத்துப் போலீஸிடம் என்ன பயம் என்று சிரித்திருக்கிறேன். “எனக்கு எல்லாத்துக்கும் பேடிதாண்டி” என்பாள். மேற்குக் கடற்கரை ஊர்களில் பயத்துக்கு அதுதான் சொல். அந்தக் கரையில்தான் அவள் பிறந்தாள். மணமாகி அங்கேயே இருந்தாள். கணவர் இறந்த பிறகும் ஊரை விட்டு வரவில்லை.

அந்த ஊரைத்தான் கடல் தின்றுகொண்டிருந்தது. முதலில் வலை காயப்போடும் மணல் போயிற்று. பிறகு சிலுவை நட்டிருந்த குருசடி. பிறகு முன்வரிசை வீடுகள். தூண்டில் வளைவு வேண்டும், அதாவது அலையின் வேகத்தைத் தடுக்க கடலுக்குள் கல்லைப் போட்டுச் சுவர் நீட்ட வேண்டும் என்று ஊரார் மனுக் கொடுத்துச் சலித்துப்போனார்கள். ஒரு ஆனி மாதம், ஒரே இரைச்சலில் நாலைந்து வீடுகள் சரிந்த மறுநாள், சாலை மறியல் என்று முடிவாயிற்று. வெளியூர்த் தொலைக்காட்சிக்கும் புரியட்டும், ஆங்கிலத்திலும் அட்டை பிடிப்போம் என்றார்கள். வாசகத்துக்கு செலினிடம் வந்தார்கள்.

நம் வகுப்பறையில் வைத்துத்தான் அது எழுதப்பட்டது. வாசகம் செலின் சொல்ல, அழகான கையெழுத்துள்ள ஜெனிஷா அட்டையில் எழுதினாள். ஜெனிஷாவும் அதே ஊர்தான். அவளுக்கு வெளிநாட்டில் வேலை உறுதியாகி, பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி இருந்தது. செலின் ‘வீ ரிக்வெஸ்ட்’ என்று ஆரம்பித்தாள்.

ஜெனிஷா மார்க்கரை மூடினாள். “டீச்சர், எங்க அப்பா காலத்துல இருந்து ரிக்வெஸ்ட்தானே பண்ணுதோம்?”

“அப்போ என்ன எழுதணும்ங்குத?”

“டிமான்ட்.”

“அது கடுப்பமான வார்த்தை மக்கா. அத எழுதினா திரும்பி எடுக்க முடியாது” என்றாள் செலின். பிறகு, “சரி, எழுது. ஸ்பெல்லிங் நான் சொல்லுதேன்” என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

மறியல் ஒரு பகல் நடந்தது. மறுநாள் வழக்குப் பதிவாயிற்று. முதல் தகவல் அறிக்கையில் ஊர்த் தலைவர் முதலாகச் சில பெயர்கள், அவற்றுக்குப் பின்னால் ‘மற்றும் பலர்’. அந்த இரண்டு சொல் ஊரை என்ன செய்தது என்பதை நான் பார்த்தேன். ஆண்கள் வீட்டில் படுப்பதில்லை. நம் வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் இருக்கைகள் காலியாயின. “பேரு உள்ளவன் ஜாமீனாவது கேக்கலாம்” என்றாள் செலின். “இந்தப் ‘பலர்’ல யாரு உண்டு, யாரு இல்லன்னு எவனுக்குத் தெரியும்? நான் அதுல உண்டா நசீமா? நீ உண்டா?” நான் அந்த ஊரே இல்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போனதும் கதவைத் தாழிட்டேன்.

ஒரு முற்பகலில் இரண்டு போலீஸ்காரர்கள் படியேறி வந்தார்கள். நான் கதவருகே நின்றிருந்தேன். ஜெனிஷா இரண்டாவது பெஞ்சில். மூத்தவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். உயர்த்திப் பிடித்த ஆங்கில அட்டை. பிடித்திருந்தவளின் முகத்தை அட்டையே மறைத்திருந்தது. வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது. “இந்த இங்கிலீஷ் யாரு எழுதினது? இங்கதான் எழுதிக் குடுத்ததா சொல்லுதாங்க.”

ஜெனிஷா கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவரும் பார்த்துவிடுவாரோ என்று பயந்தேன். அப்போது செலின் பலகைக்கு முன்னாலிருந்து நகர்ந்து வந்து, அவருக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவில் நின்றாள்.

“நான்தான் சார். வார்த்தையெல்லாம் என்னோடது.”

“பிடிச்சிட்டு நிக்கது?”

“நீங்க கேட்டது இங்கிலீஷத்தானே சார்? அது நான்.”

பெயர், கணவர் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் கேட்டார்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். செலின் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். “இன்னைக்கு வகுப்பு இல்ல மக்கா, வீட்டுக்குப் போங்க” என்று மட்டும் சொன்னாள்.

அன்றோடு அவள் பெயர் வழக்கில் ஏறியது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க முடியவில்லை. மஸ்கட்டில் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது போக முடியவில்லை. பேரனை வீடியோவில்தான் பார்த்தாள். வாய்தா நாட்களில் நான் கூடப் போவேன். கோர்ட் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருக்கும். ஒரு முறை டீக்கடையில் வைத்துக் கேட்டேன், அன்றைக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“தைரியமா? பேடியிலதாண்டி சொன்னேன். அந்தப் பிள்ளைக்க கைய அவரு பாத்திருவாரோன்னு பேடி. எனக்க பேடிய விட அது பெருசாட்டு இருந்துது. அவ்வளவுதான் கேட்டியா.”

ஜெனிஷாவுக்கு பாஸ்போர்ட் வந்தது. அவள் போய்விட்டாள். செலின் இறந்த அன்று அங்கிருந்து ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அதில் அழுகை மட்டுமே இருந்தது. ஊருக்குக் கல் வந்துவிட்டது. தூண்டில் வளைவு பாதிவரை நீண்டு நிற்கிறது. மீதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. வழக்கு முடியவில்லை. செலினின் பெயரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வழக்கறிஞர் சொன்னார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் மஃப்டியில் ஒருவர் நின்று உள்ளே வருகிறவர்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெண்கள் தலைகுனிந்து அவரைக் கடந்தார்கள். முக்காட்டை இழுத்துவிட எனக்கும் கை போனது. நான் வெளியாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது போலும். “நீங்க யாரு? எந்த ஊரு?” என்றார்.

“தக்கலை. சாகுல் ஹமீது மகள் நசீமா” என்றேன்.

“இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“எனக்க கூட்டுக்காரி.”

அவர் என் முகத்துக்கு நேரே கைபேசியைத் தூக்கினார். நான் முகத்தைத் திருப்பவில்லை.

இதுவரை யாரும் தேடி வரவில்லை. ஆனாலும் பேக்கரிப் படியில் கனத்த செருப்புச் சத்தம் கேட்டால் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் பார்க்கிறார்கள். மறுபடியும் தொடர்கிறேன். செலினிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பயம்தான். அதை வைத்துக்கொண்டே என் பெயரை முழுதாகச் சொல்ல முடிகிறது என்பதும் அவளால்தான்.