புள்ளிக்கு ஓர் இருமல்

இதை எழுத வேண்டாம் என்றுதான் விட்டிருந்தேன், படித்தால் சிரிப்பார்கள். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத என்னை, பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தற்காலிக வாத்தியாராகப் போட்டார்கள். முன்பு இருந்தவர் நெஞ்சுநோயில் இறந்துபோயிருந்தார்.

முதல் நாள் பிள்ளைகளைச் சேர்ந்து வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் வகுப்பே மெல்ல இருமியது.

"என்ன மக்களே, எல்லாருக்கும் ஒரே தொண்டையா?" என்று கேலி செய்தேன்.

"பழைய சாரு இப்பிடித்தான் சார் படிச்சுத் தந்தாரு," என்றாள் ஒருத்தி. இருமலும் பாடத்தில் சேர்த்தி என்றே நினைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வருவதற்குள் அதை நிறுத்தாவிட்டால் எனக்கு வேலை இல்லை என்றார் தலைமையாசிரியர். அதட்டி உருட்டி நிறுத்தினேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, அதே பெண் எழுந்து முதல் வரியைக் கணீரென்று வாசித்தாள். புள்ளி வந்ததும் நின்றுவிட்டாள். யாரோ இருமுவதற்குக் காத்திருப்பதுபோல வகுப்பு முழுவதும் மேசைப் பக்கம் பார்த்தது. அங்கே நான் மட்டும்தான் நின்றேன். மெல்ல இருமினேன். உடனே அடுத்த வரி வந்தது. பாடம் முடியும்வரை நான் இருமிக்கொண்டே இருந்தேன். நல்ல வாசிப்பு என்று பாராட்டிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். வேலை தப்பியது.

சுசீந்திரத்தில் சாயா குடிக்கும்போது கூட்டாளியிடம் இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"எலே மக்கா, இதச் சொல்லும்போதும் நீ புள்ளிக்குப் புள்ளி இருமிட்டுல்லா இருந்த."